பிரிந்து வாழும் பெற்றோர், பிள்ளையின் தடுப்பூசி: கோர்ட்டுக்குப் போகலாமா?

நடுக்கடல் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் மனைவியும் பிரிந்துவிட்டோம். மகளுக்கு மூன்று வயது. அம்மாவிடம் இருக்கிறாள், வார இறுதியில் என்னிடம் வருவாள். பிள்ளை தொடர்பான முக்கிய முடிவுகளை இருவரும் சேர்ந்தே எடுக்க வேண்டும் என்று கோர்ட் உத்தரவில் இருக்கிறது. கைக்குழந்தைப் பருவத்து ஊசிகளெல்லாம் நாங்கள் ஒன்றாக இருந்தபோதே போட்டாயிற்று. தட்டம்மை ஊசியில் வந்து நின்றுவிட்டது. முதலில் "சளி பிடித்திருக்கிறது, அடுத்த மாதம் பார்க்கலாம்" என்றார். பிறகு "இன்னும் கொஞ்சம் வளரட்டும்" என்றார். இப்போது "இனி எந்த ஊசியும் வேண்டாம்" என்கிறார். தடுப்பூசி அட்டை அவரிடம்தான். படம் எடுத்து அனுப்புங்கள் என்று கேட்டால் சரி என்பார், வராது.

மனு போடலாம் என்கிறார் வக்கீல். "ஒரு ஊசிக்காகக் கோர்ட்டு ஏறுவார்களா?" என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். இப்போதுதான் ஒருவழியாகச் சண்டை இல்லாமல் பிள்ளையைக் கைமாற்றிக்கொள்கிறோம். அதுவும் கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இந்த வழியில் போனவர்கள் இருந்தால் சொல்லுங்கள். நீதிபதி என்ன கேட்பார்? எதைப் பார்த்து முடிவு சொல்வார்?

---

செந்தூரம்

சகோ, எங்கள் கதை இதற்குத் தலைகீழ். போட வேண்டும் என்பது நான், கூடாது என்பது அவர். அம்மாதான் மறுப்பார், அப்பாதான் வழக்குப் போடுவார் என்று யாரும் நினைக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

பாதிச் சண்டை ஊசியைப் பற்றியதே இல்லை. சேர்ந்து இருந்தபோது மூத்தவனுக்கு எல்லா ஊசியும் போட்டவர் அவர்தான், மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டதும் அவர்தான். பிரிந்த பிறகு நான் தேதி குறித்தேன் என்பதற்காக இளையவளுக்கு வேண்டாம் என்றார். அதை நீதிபதி முதல் விசாரணையிலேயே கேட்டுவிட்டார்: "மூத்த பிள்ளைக்குச் சம்மதித்தீர்களே, இடையில் என்ன மாறியது?" அவரிடம் பதில் இல்லை.

---

வழக்காடு

குடும்ப வழக்குகளை மட்டும் நடத்துகிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. ஆனால் நீதிபதி கையில் எடுக்கும் கேள்வி ஏறக்குறைய எங்கும் ஒன்றுதான்: இந்தக் குழந்தைக்கு எது நல்லது? எந்தப் பெற்றோர் நல்லவர் என்பதும், தடுப்பூசி அறிவியல் முழுவதும் சரியா என்பதும் அங்கே கேள்வியே இல்லை.

இங்கிலாந்தில் இதற்கு ஒரு தொடர்ச்சி இருக்கிறது. 2003-ல் இரண்டு குடும்பங்களின் வழக்கு ஒன்றாக விசாரிக்கப்பட்டது. இரண்டிலும் தந்தை ஊசி கேட்டார், தாய் மறுத்தார். தாய்மார்கள் தரப்பில் நிபுணர் சாட்சியம் வந்தது. நீதிமன்றம் ஊசி போடச் சொன்னது. மேல்முறையீட்டில் ஒரு நீதிபதி அந்தச் சாட்சியத்தைக் குப்பை அறிவியல் என்றே சொன்னார். 2020 டிசம்பரில் இன்னொரு தீர்ப்பு: 6 வயது, 4 வயதுப் பிள்ளைகள், அட்டவணையில் உள்ளதையெல்லாம் போட வேண்டும் என்று தந்தை மனு. நீதிபதி மனுவை ஏற்றார். எதிர்காலத்துக்கும் சேர்த்து அவர் சொன்னதன் சாரம் இது. பரிந்துரைக்கப்பட்ட குழந்தைப் பருவத் தடுப்பூசியை நீதிமன்றம் மறுக்க வேண்டுமானால், அதன் பாதுகாப்பையோ பயனையோ பற்றிக் கவலைப்படும் அளவுக்கு நம்பத்தகுந்த புதிய மருத்துவ ஆய்வு வந்திருக்க வேண்டும். இல்லையென்றால், இந்தக் குறிப்பிட்ட பிள்ளைக்கு அது ஆகாது என்பதற்குத் திடமான மருத்துவச் சான்று வேண்டும்.

ஆக, மறுக்கும் தரப்புக்கு இருக்கும் வாசல் இந்த இரண்டுதான். இணையத்தில் எடுத்த காகிதக் கட்டு இரண்டுக்குள்ளும் நுழையாது. பிள்ளையைப் பரிசோதித்த மருத்துவரின் ஒரு பக்கக் கடிதம் நுழையும்.

நடுக்கடல், உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கேட்டதற்கு என் பதில்: இருவரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும் என்று உத்தரவு இருந்து, இருவரும் ஒத்துவராவிட்டால், முடிச்சை அவிழ்க்க இருக்கிற இடம் கோர்ட் மட்டும்தான். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

---

ஈரமணல்

இந்த இழையில் மறுக்கிற பக்கத்திலிருந்து எழுதுகிற முதல் ஆள் நான்தான் போலிருக்கிறது.

என் பையனுக்கு ஊசி போட்ட அடுத்த வாரம் காய்ச்சலில் வலிப்பு வந்தது. கண் மேலே செருகி, உடம்பு விறைத்து, வாயோரம் நுரை. தூக்கிக்கொண்டு ஓடினேன். "சில குழந்தைகளுக்கு வரும், ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒன்றுமில்லையா? அந்த வலிப்பைப் பார்த்தது நான் ஒருத்திதான். அவன் அப்பா அப்போது எங்களோடு இல்லை. இப்போது அடுத்த டோஸ் போடவில்லை என்று அவர் மனு போட்டிருக்கிறார். மனுவில் என்னைத் "தடுப்பூசி எதிர்ப்பாளர்" என்று எழுதியிருக்கிறார்கள். நான் எதற்கும் எதிர்ப்பாளர் இல்லை. பிள்ளை மறுபடி அப்படி விறைப்பதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை, அவ்வளவுதான்.

---

வெள்ளைச்சீருடை

ஈரமணல் அம்மா, குழந்தைகள் தடுப்பூசிப் பிரிவில் செவிலியாக வேலை பார்க்கிறேன். உங்களிடம் "ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்பியது தப்பு. அன்றைக்கே உட்காரவைத்துப் பேசியிருக்க வேண்டும்.

தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றும் சேர்ந்த எம்எம்ஆர் ஊசிக்குப் பிறகு காய்ச்சல் வலிப்பு வருவது உண்மை. ஏறக்குறைய 3,000 முதல் 4,000 டோஸுக்கு ஒன்று. பெரும்பாலும் ஊசி போட்ட அன்று வராது, ஒரு வாரம் பத்து நாள் கழித்துக் காய்ச்சல் ஏறும்போது வரும். நீங்கள் சொல்கிற கணக்கும் அதுதான். பார்க்கிறவர் உயிர் போய்வரும். ஆனால் இந்த வகை வலிப்பு மூளையைப் பாதிப்பதில்லை, பின்னாளில் படிப்பையோ வளர்ச்சியையோ கெடுப்பதில்லை. நோய் அப்படி இல்லை. தட்டம்மை வந்தவர்களில் ஏறக்குறைய 1,000 பேருக்கு ஒருவருக்கு மூளையழற்சி வரும். அரிதாக, நோய் ஆறிப் பல வருடம் கழித்து மூளையைச் சிதைக்கும் ஒரு பாதிப்பு வரும். அதற்கு மருந்து கிடையாது.

காய்ச்சல் வலிப்பு வந்த பிள்ளைக்கு அடுத்த டோஸ் கூடாது என்று விதி இல்லை. ஆனால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். பல இடங்களில் எம்எம்ஆரோடு சின்னம்மையும் சேர்த்து ஒரே ஊசியாகக் கிடைக்கிறது. சின்னக் குழந்தைகளுக்கு முதல் டோஸாக அதைப் போடும்போது காய்ச்சல் வலிப்பு வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். இரண்டையும் தனித்தனி ஊசியாகக் கேட்டு வாங்கலாம். இது கோர்ட்டுக்கு வெளியிலேயே பேசி முடிக்கக்கூடிய விஷயம்.

உண்மையிலேயே போடக்கூடாத பிள்ளைகளும் உண்டு. நோய் எதிர்ப்புச் சக்தி கடுமையாகக் குறைந்தவர்கள், முந்தைய டோஸுக்கோ அதிலுள்ள நியோமைசின் போன்ற பொருளுக்கோ உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வந்தவர்கள். முட்டை ஒவ்வாமை அந்தப் பட்டியலில் இல்லை. பலர் இன்னும் அதைச் சொல்லித்தான் தள்ளிப்போடுகிறார்கள்.

---

ஈரமணல்

நன்றி. இத்தனை நாளில் இதை இப்படி யாரும் எனக்குச் சொல்லவில்லை. தனித்தனியாகப் போடலாம் என்பதே தெரியாது.

---

கரிசல்காடு

நடுக்கடல் அண்ணா, எதற்கு இந்தச் சுற்று? பிள்ளை உங்களிடம் வருகிற சனிக்கிழமை கூட்டிப்போய்ப் போட்டுவிட்டு வாருங்கள். போட்ட ஊசியை யாரும் திரும்ப எடுக்க முடியாது.

---

வழக்காடு

தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். சேர்ந்து முடிவெடுக்கச் சொல்லி உத்தரவு இருக்கும்போது ஒருவர் தனியாகச் செய்தால், அடுத்த வாய்தாவில் பேச்சு ஊசியைப் பற்றி இருக்காது, உங்களைப் பற்றி இருக்கும். "இவர் கையில் பிள்ளையை விட்டால் உத்தரவை மீறுவார்" என்று எதிர்த்தரப்பு சொல்லும், அதற்கு நீங்களே சாட்சி கொடுத்தவர் ஆவீர்கள். சந்திப்பு நேரத்தில் யாராவது கூட இருக்க வேண்டும் என்று நிபந்தனை வந்தால் இழப்பு உங்களுக்கும் மகளுக்கும்தான்.

இதே எச்சரிக்கை மறுக்கும் பக்கத்துக்கும் உண்டு. அமெரிக்காவின் மிச்சிகனில் 2017-ல் ஒரு தாய், ஊசி போட ஒப்புக்கொண்ட உத்தரவை நிறைவேற்றாததால் நீதிமன்ற அவமதிப்புக்காக 7 நாள் சிறைத்தண்டனை பெற்றார். அவர் உள்ளே இருந்தபோது பிள்ளைக்கு ஊசி போடப்பட்டது. இதனால் யாருக்கு என்ன லாபம்? மேல்முறையீடு செய்யலாம், உத்தரவை மாற்றக் கேட்கலாம். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது மட்டும் கூடாது.

---

வெள்ளைச்சீருடை

எங்கள் பக்கத்திலிருந்தும் ஒன்று. சாதாரணமாக ஒரு பெற்றோர் கூட்டிவந்தால் போட்டு அனுப்புவோம். மற்றவர் மறுத்திருக்கிறார் என்று தெரிந்துவிட்டால் பல இடங்களில் நிறுத்திவிடுவார்கள், கோர்ட் உத்தரவோ இருவர் சம்மதமோ கேட்பார்கள். பிள்ளையை நாற்காலியில் உட்காரவைத்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, பிறகு போன் வந்து "வேண்டாம், இறங்கு" என்று கூட்டிப்போன நாட்கள் எங்களுக்கு உண்டு. அந்தப் பிள்ளை அடுத்த முறை வாசலிலேயே அழ ஆரம்பித்துவிடும்.

---

வடகடலோரம்

ஜெர்மனியில் இதை வேறு மாதிரி செய்கிறார்கள். அங்கே இருவருக்கும் ஒத்துவரவில்லை என்றால் நீதிமன்றம் தானே முடிவு சொல்வதில்லை. முடிவெடுக்கும் உரிமையை இருவரில் ஒருவருக்குக் கொடுக்கும். 2017 மே மாதம் அங்குள்ள உச்ச நிலை சிவில் நீதிமன்றம் தீர்த்த வழக்கில், 2012-ல் பிறந்த பெண் பிள்ளை தாயோடு வாழ்ந்தாள். அங்குள்ள தடுப்பூசி நிபுணர் குழு பரிந்துரைத்தவற்றைப் போட வேண்டும் என்றார் தந்தை. நோயைவிட ஊசிதான் ஆபத்து என்றார் தாய். தினமும் பார்த்துக்கொள்பவர் தாய்தான், ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் உரிமை தந்தைக்குப் போனது. தடுப்பூசி அன்றாடச் சின்ன விஷயம் அல்ல, ஆகவே கூட இருப்பவர் தனியாக முடிவெடுக்க முடியாது என்பதும் தீர்ப்பில் உண்டு.

எனக்கு இந்த முறை பிடித்திருக்கிறது. பிள்ளை யாரிடம் என்ற பெரிய சண்டையைத் தொடாமல், ஒரே ஒரு சாவியை மட்டும் கைமாற்றுகிறார்கள்.

---

முத்துச்சிப்பி

இந்தியாவில் தடுப்பூசியைக் கட்டாயப்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதே? அப்புறம் எப்படி உத்தரவு போடுவார்கள்?

---

வழக்காடு

2022 மே 2 தீர்ப்பைச் சொல்கிறீர்கள். அது கொரோனா காலத்தில் அரசுக்கும் குடிமக்களுக்கும் இடையே வந்த வழக்கு. ஒருவர் உடம்பின் மீது அவருக்கு இருக்கும் உரிமை பற்றியது. இங்கே அரசு யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. சம உரிமை உள்ள இரண்டு பேர் ஒரு பிள்ளைக்காக எதிரெதிரே நிற்கிறார்கள். காப்பாளர் வழக்குகளுக்கான சட்டம் 1890-லிருந்து இருக்கிறது, அதன் மையம் மைனரின் நலன். வளர்ப்புரிமை வழக்கு நடந்துகொண்டிருந்தால் அதிலேயே இடைக்கால மனுவாகக் கேட்கலாம், தனி வழக்கு தேவையில்லை.

ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் செக் குடியரசு வழக்கில் 2021 ஏப்ரலில் கொடுத்த தீர்ப்பையும் இப்படித்தான் கலந்து பேசுகிறார்கள். அதுவும் அரசின் கட்டாயத்தைப் பற்றியது, பெற்றோர் இருவருக்கிடையே உள்ள தகராறு அல்ல.

---

பாதிவீடு

நான் வக்கீலும் இல்லை, பெற்றோரும் இல்லை. அந்தப் பிள்ளை நான்.

எனக்குப் பன்னிரண்டு வயசு இருக்கும்போது அம்மாவும் அப்பாவும் இதே சண்டை போட்டாங்க. அம்மா வீட்ல இருக்கும்போது ஊசி விஷம். அப்பா வீட்ல இருக்கும்போது அம்மா முட்டாள். ரெண்டு பேரும் என்கிட்ட "உனக்கு என்ன தோணுது, நீயே சொல்லு"ன்னு கேப்பாங்க. எனக்கு என்ன தோணும்? யாரு அழுவாங்கன்னு தோணும். ஜட்ஜுக்கு நானே என் கைப்பட கடிதம் எழுதினேன், எனக்கு ஊசி வேண்டாம்னு. அதுல இருந்த வாக்கியம் ஒண்ணுகூட என்னோடது இல்ல. அம்மா கட்டாயப்படுத்தல, பக்கத்துல உட்கார்ந்திருந்தாங்க, அது போதும்.

கடைசியில போடச் சொல்லி உத்தரவு வந்துச்சு. எனக்கு வந்த முதல் உணர்வு நிம்மதி. ஊசி நல்லதா கெட்டதான்னு எனக்கு அப்பவும் தெரியாது. ஆனா யார் பக்கம்னு இனி நான் சொல்ல வேண்டியதில்ல.

உங்க பிள்ளைகள் சின்னவங்க. பேசிப் பேசி அவங்க பெரியவங்க ஆகுற வரைக்கும் இழுக்காதீங்க. பெரியவங்க ஆனா அவங்களைத்தான் சாட்சி ஆக்குவீங்க.

---

வழக்காடு

பாதிவீடு, எழுதியதற்கு நன்றி. நீங்கள் சொன்னது சட்டத்திலும் கடினமான இடம். விவரம் புரிந்த பிள்ளை 16 வயதுக்குக் கீழே இருந்தாலும் தானே மருத்துவச் சம்மதம் தரலாம் என்று பிரிட்டனின் அன்றைய உச்ச நிலை நீதிமன்றம் 1985-லேயே சொன்னது. ஆனால் 2013-ல் 15 வயது, 11 வயதுச் சகோதரிகள் இருவரும் எம்எம்ஆர் வேண்டாம் என்றபோது, நீதிபதி அவர்கள் சொன்னதைக் கேட்டுவிட்டுப் போடத்தான் சொன்னார். முன்பு வேண்டாம் என்று தாயோடு ஒத்துப்போயிருந்த தந்தை, பிறகு மனம் மாறி வந்து கேட்ட வழக்கு அது.

தந்தை மனம் மாறியதற்குப் பின்னணி உண்டு. எம்எம்ஆருக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று 12 பிள்ளைகளை மட்டும் வைத்து 1998-ல் வந்த கட்டுரையை, வெளியிட்ட இதழே 2010-ல் திரும்பப் பெற்றது. எழுதியவரின் பெயர் அதே ஆண்டு பிரிட்டன் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. பயம் மட்டும் இன்னும் பல வீடுகளில் உலவுகிறது. நான் பார்க்கிற மனுக்களில் பாதிக்கு மேல் அந்தக் கட்டுரையின் வாடை இருக்கும்.

---

வெள்ளைச்சீருடை

டென்மார்க்கில் 6,50,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2019-ல் முடிவு வெளியிட்டார்கள். ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஆட்டிசத்தில் வித்தியாசம் இல்லை.

இதைவிட எனக்கு அவசரமாகப் படுவது காலம். கோர்ட்டுக்கு ஒரு நாட்காட்டி, ஊசிக்கு இன்னொன்று. இரண்டும் ஒன்றுக்கொன்று காத்திருக்காது. வயிற்றுப்போக்குக்கான ரோட்டா சொட்டு மருந்தின் முதல் டோஸை 15 வாரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது பல நாடுகளில் விதி. பிரிந்த பெற்றோர் ஒரு வாய்தா வாங்குவதற்குள் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும். அங்கே "வேண்டாம்" என்றவர் வழக்கை ஜெயிக்கவே வேண்டியதில்லை, ஒத்திப்போட்டாலே போதும். தட்டம்மை ஊசி அப்படி இல்லை, எந்த வயதிலும் போடலாம். ஆனால் ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேர் வரை பரவக்கூடிய நோய் அது. வாய்தா வரும்வரை நிற்குமா?

நல்ல செய்தியும் உண்டு. இடையில் எத்தனை வருடம் விட்டிருந்தாலும் பெரும்பாலான ஊசிகளை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

---

செந்தூரம்

உத்தரவு கையில் வந்தால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். எங்கள் முதல் உத்தரவில் "குழந்தைக்கு உரிய தடுப்பூசிகள் போடப்பட வேண்டும்" என்று ஒரே வரி. யார் கூட்டிப்போவது? எந்த ஊசி உரியது? அவருடைய நாளில் தேதி வந்தால்? நான் குறித்த தேதியில் பிள்ளைக்கு லேசாக மூக்கொழுகல் என்று அவர் அனுப்பவில்லை. மறுபடி கோர்ட். இந்த முறை வக்கீலோடு உட்கார்ந்து வரி வரியாக எழுதினோம்.

தேசிய அட்டவணையில் உள்ளவை, பின்னால் அதில் சேர்க்கப்படுபவையும் உட்பட. இன்ன நாளுக்குள் முதல் டோஸ். கூட்டிப்போவது நான், அவரும் வந்து நிற்கலாம். உடம்பு சரியில்லை என்றால் சொல்ல வேண்டியவர் மருத்துவர், பெற்றோர் இல்லை. தள்ளிப்போட்டால் அடுத்த தேதியும் அதே மருத்துவர் எழுதித் தர வேண்டும். நான் தேதி வாங்கத் தவறினால் அந்த உரிமை தானாக அவருக்கு. போட்ட இரண்டாம் நாளே பதிவின் நகல் இருவருக்கும். அன்று இரவு பிள்ளை யாரிடம் என்பதும் எழுதினோம். காய்ச்சல் வந்தால் "நீதான்" என்று ஒருவர் மற்றவரைக் குத்திக்காட்டக்கூடாது, அதுவும் பிள்ளை காதுபடக் கூடாது என்று ஒரு வரி. அந்தக் கடைசி வரியை நீதிபதியே சேர்த்தார்.

அதற்குப் பிறகு ஒரு சண்டைகூட வரவில்லை. மனம் ஒன்றும் மாறிவிடவில்லை. சண்டை போட இடம்தான் மிஞ்சவில்லை.

---

நடுக்கடல்

இதைப் படித்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தேன். மனு தயாராகத்தான் இருக்கிறது, ஆனால் போடும் முன் அவருக்கு ஒரு கடிதம் அனுப்பினேன். "தடுப்பூசி எதிர்ப்பாளர்" என்ற சொல்லை வக்கீல் எழுதியிருந்தார், எடுத்துவிடச் சொன்னேன். எதைப் பற்றிப் பயம் என்று மட்டும் கேட்டேன். இருவரும் சேர்ந்து ஒரு மருத்துவரைப் பார்க்கலாம், மருத்துவரை நீங்களே தேர்ந்தெடுங்கள் என்றேன். இன்ன தேதிக்குள் பதில் இல்லை என்றால் மனு போடுவேன் என்றும் மறைக்காமல் எழுதினேன்.

பதில் வந்தது. அவருடைய அக்கா பையனுக்கு ஊசிக்குப் பிறகு வலிப்பு வந்திருக்கிறது. எனக்கு இது இத்தனை நாள் தெரியாது. மருத்துவரைப் பார்க்கச் சம்மதம், ஊசி அன்றைக்கே இல்லை என்று நிபந்தனை. இதை நம்பலாமா, இல்லை இதுவும் இழுத்தடிப்பா?

---

வழக்காடு

நம்பலாம், ஆனால் எழுத்தில். மருத்துவரைப் பார்க்கும் நாள், அவர் போடலாம் என்றால் அதிலிருந்து எத்தனை நாளுக்குள் முதல் டோஸ், இரண்டாவது எப்போது. இந்த மூன்றும் இருந்தால் போதும். இருவரும் கையெழுத்திட்டுச் சம்மத மனுவாகத் தாக்கல் செய்துவிடுங்கள். நீதிபதி அதை உத்தரவாக்குவார், விசாரணை பெரும்பாலும் தேவைப்படாது. மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை அவரே எழுதட்டும், நீங்கள் திருத்த வேண்டாம்.

---

ஈரமணல்

நடுக்கடல், அவர் அக்கா பையன் விஷயத்தை அவர் வாயால் முழுசாகச் சொல்ல விடுங்கள். நடுவில் புள்ளிவிவரம் சொல்லாதீர்கள். அதை மருத்துவர் சொல்லட்டும். நானும் அடுத்த வாரம் போகிறேன், தனித்தனி ஊசி பற்றிக் கேட்க.

---

நடுக்கடல்

சரி, அப்படியே செய்கிறேன். கடைசியாக ஒன்று. அட்டை எங்கே வைத்தார் என்று அவருக்கே தெரியவில்லையாம். அட்டை இல்லாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்களா?

---

வெள்ளைச்சீருடை

அனுப்ப மாட்டார்கள். முன்பு போட்ட இடத்தில் பதிவேடு இருக்கும், பிள்ளையின் பிறந்த தேதி சொல்லி நகல் கேளுங்கள், பெற்றோர் இருவரில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். பதிவு எங்கும் கிடைக்காத டோஸைப் போடாததாகவே எடுத்துக்கொண்டு மறுபடி போடுவது வழக்கம். எம்எம்ஆர் ஒரு டோஸ் கூடுதலாகப் போய்விட்டாலும் கெடுதல் இல்லை. மருத்துவரிடம் உள்ளே போனதும் முதலில் அந்த வலிப்பு விஷயத்தைச் சொல்லிவிடுங்கள், அக்கா பையனுக்கு எந்த ஊசிக்குப் பிறகு, எத்தனையாவது நாள் என்பதோடு.